ஆங்கில வினைச்சொற்கள்: காலங்களும் துணைவினைகளும்



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தும்போது சிவப்பு மை அதிகம் படும் இடம் வினைச்சொல்தான். கருத்துச் சரியாக இருக்கும். சொற்களும் சரியாக இருக்கும். வினைச்சொல் ஒன்றினால் புள்ளி போய்விடும். பன்னிரண்டு காலங்களையும் அட்டவணையாகப் பாடமாக்கிய மாணவரும் "ஹீ டிட் நொட் வென்ட்" என்று எழுதிவிடுகிறார். அட்டவணை அவருக்குத் தெரியும். அட்டவணைக்குப் பின்னால் உள்ள ஒழுங்குதான் அவருக்குத் தெரியவில்லை.

அந்த ஒழுங்கு உங்களுக்கு முற்றிலும் புதியதல்ல. நீங்கள் தினமும் பேசும் தமிழில் அது இருக்கிறது; ஆனால் தலைகீழாக இருக்கிறது. இப்பாடத்தில் அதையே பார்க்கப்போகிறோம்.

கவனிக்குக: இங்கே ஆங்கிலச் சொற்கள் அவற்றின் ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. ஒவ்வோர் உதாரணத்தையும் உங்கள் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டே வாசியுங்கள். எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்தால் அகராதியைப் பாருங்கள். வாசித்து முடிக்கும்போது கொப்பியில் ஒரு குறிப்பும் தயாராகிவிடும்.

1. தமிழ் வினையைப் பிரித்துப் பார்ப்போம்

தமிழ்ப் பாடத்தில் பகுபத உறுப்பிலக்கணம் படித்திருக்கிறீர்கள்.

எழுதினேன் = எழுது + இன் + ஏன்

பகுதி செயலைக் காட்டுகிறது. இடைநிலை காலத்தைக் காட்டுகிறது. விகுதி செய்தவர் யார் என்பதைக் காட்டுகிறது. ஆகவே 'எழுதினேன்' என்ற ஒரு சொல்லே முழு வாக்கியமாக நிற்கும். ஆங்கிலத்தில் 'ரோட்' என்று மட்டும் சொன்னால் எழுதிய செய்தியும் இறந்தகாலமும் தெரியும். எழுதியவர் நானா, அவளா, அவர்களா என்பது தெரியாது. அதனால் ஆங்கிலத்தில் எழுவாயை விடமுடியாது. "நேற்று வந்தேன்" என்பதை "கேம் யெஸ்டர்டே" என்று எழுதுவது பிழை. "ஐ கேம் யெஸ்டர்டே" என்பதே சரி.

இனி, இரண்டு வினைகள் சேர்ந்து வரும் வாக்கியங்களைப் பாருங்கள்.

எழுதியிருக்கிறேன் – ஐ ஹாவ் ரிட்டன்
எழுதியிருக்கிறாள் – ஷீ ஹாஸ் ரிட்டன்
எழுதியிருந்தோம் – வீ ஹாட் ரிட்டன்
எழுதியிருப்பார்கள் – தே வில் ஹாவ் ரிட்டன்

தமிழில் 'எழுதி' என்ற வினையெச்சம் நான்கு வரிகளிலும் மாறவில்லை. காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப மாறியது கடைசியில் நிற்கும் 'இரு'. ஆங்கிலத்தில் 'ரிட்டன்' நான்கு வரிகளிலும் மாறவில்லை. மாறியது அதற்கு முன்னால் நிற்கும் பகுதி. இதிலிருந்து பாடத்தின் முதன்மை விதி கிடைக்கிறது.

விதி: காலமும் ஆளும் வினைத்தொடரில் ஒரே ஓரிடத்தில்தான் காட்டப்படும். தமிழில் அந்த இடம் கடைசிச் சொல். ஆங்கிலத்தில் அந்த இடம் முதற்சொல்.

இவ்விதியைக் கொண்டு "டிட் நொட் வென்ட்" ஏன் பிழை என்று பாருங்கள். 'டிட்' முதற்சொல், இறந்தகாலத்தை அது காட்டிவிட்டது. 'வென்ட்' என்பதும் இறந்தகாலம். ஒரே தொடரில் காலம் இரண்டு தடவை வந்துவிட்டது. தமிழில் "போனேன் இல்லை" என்று நாம் எழுதுவதில்லை. "போகவில்லை" என்றே எழுதுகிறோம். 'போக' என்பதில் காலமும் இல்லை, ஆளும் இல்லை. அதேபோல ஆங்கிலத்திலும் "டிட் நொட் கோ".

2. ஐந்து வடிவங்கள்

ஆங்கில முதல்வினைக்கு ஐந்து வடிவங்கள் உண்டு.

(1) ரைட் – அடிவடிவம்
(2) ரைட்ஸ் – 'எஸ்' சேர்ந்த வடிவம்
(3) ரோட் – இறந்தகால வடிவம்
(4) ரிட்டன் – எச்ச வடிவம்
(5) ரைட்டிங் – 'ஐஎன்ஜி' சேர்ந்த வடிவம்

இவற்றுள் 2 ஆம், 3 ஆம் வடிவங்கள் காலம் காட்டுபவை. ஆகவே அவை துணைவினைக்குப் பின்னால் ஒருபோதும் வரமாட்டா, தனியாகவே நிற்கும். துணைவினைக்குப் பின்னால் வரக்கூடியவை 1, 4, 5 ஆகிய மூன்றுமே.

பல வினைகளில் 3 ஆம், 4 ஆம் வடிவங்கள் ஒன்றாகவே இருக்கும் (பிளேட், பிளேட்). வேறுபடும் வினைகளைக் குழுக்களாகப் பிரித்துப் பாடமாக்குங்கள்.

மூன்றும் ஒன்றே: கட் – கட் – கட், புட் – புட் – புட்
பின்னிரண்டும் ஒன்று: பை – போட் – போட், கீப் – கெப்ட் – கெப்ட்
முதலும் கடைசியும் ஒன்று: கம் – கேம் – கம், ரன் – ரான் – ரன்
மூன்றும் வேறு: கோ – வென்ட் – கோன், டேக் – டுக் – டேக்கன்

3. எந்தத் துணைவினைக்குப் பின் எந்த வடிவம்?

(அ) டூ, டஸ், டிட் வந்தால் அடிவடிவம்

எழுதுவதில்லை – ஐ டூ நொட் ரைட்
எழுதுவதில்லை (அவள்) – ஷீ டஸ் நொட் ரைட்
எழுதவில்லை – ஐ டிட் நொட் ரைட்

'டஸ்' என்பதில் 'எஸ்' ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே "ஷீ டஸ் நொட் ரைட்ஸ்" என்பது பிழை. கேள்வியிலும் இதே விதிதான்: "டிட் யூ ரைட்?", "டஸ் ஹீ ரைட்?"

(ஆ) மோடல் துணைவினை வந்தால் அடிவடிவம்

கான், குட், மே, மைட், வில், வுட், ஷல், ஷுட், மஸ்ட் ஆகிய ஒன்பதும் மோடல்கள். தமிழில் நான் எழுத வேண்டும், அவன் எழுத வேண்டும், அவர்கள் எழுத வேண்டும் என்று 'எழுத' மாறாமல் நிற்பதைப் பாருங்கள். ஆங்கிலத்திலும் ஐ மஸ்ட் ரைட், ஹீ மஸ்ட் ரைட், தே மஸ்ட் ரைட். "ஹீ கான் ரைட்ஸ்", "ஹீ கான்ஸ் ரைட்", "ஹீ கான் டு ரைட்" ஆகிய மூன்றும் பிழை.

(இ) ஹாவ், ஹாஸ், ஹாட் வந்தால் எச்ச வடிவம்

ஷீ ஹாஸ் ரிட்டன். "ஷீ ஹாஸ் ரோட்" பிழை. "ஐ ஹாவ் வென்ட்" பிழை; "ஐ ஹாவ் கோன்" சரி.

(ஈ) ஆம், இஸ், ஆர், வோஸ், வெயர், பீ, பீன் வந்தால் இரண்டு வழிகள்

எழுவாய் தானே செயலைச் செய்துகொண்டிருந்தால் 'ஐஎன்ஜி' வடிவம்:
அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள் – ஷீ இஸ் ரைட்டிங்

எழுவாய்க்குச் செயல் நிகழ்ந்தால், அதாவது செயப்பாட்டுவினை என்றால், எச்ச வடிவம்:
கடிதம் எழுதப்பட்டது – த லெட்டர் வோஸ் ரிட்டன்

"ஐ ஆம் ரைட் எ லெட்டர்" என்பது ஏன் பிழை என்று இப்போது உங்களுக்கே தெரியும். 'ஆம்' வந்தபின் அடிவடிவம் வராது.

4. துணைவினைகள் பல சேர்ந்து வந்தால்

நீண்ட வினைத்தொடர்களைக் கண்டு பயப்பட வேண்டாம். தமிழ் வினையைத் துண்டுகளாக்கி, கடைசித் துண்டிலிருந்து பின்னோக்கி வாசியுங்கள். ஆங்கில வரிசை தானாக வரும்.

எழுதிக்கொண்டிருந்திருக்க வேண்டும்
துண்டுகள்: எழுதிக்கொண்டு / இருந்து / இருக்க / வேண்டும்
பின்னோக்கி: வேண்டும் (மஸ்ட்), இருக்க (ஹாவ்), இருந்து (பீன்), எழுதிக்கொண்டு (ரைட்டிங்)
விடை: மஸ்ட் ஹாவ் பீன் ரைட்டிங்

எழுதப்பட்டிருக்க வேண்டும்
துண்டுகள்: எழுத / பட்டு / இருக்க / வேண்டும்
பின்னோக்கி: வேண்டும் (மஸ்ட்), இருக்க (ஹாவ்), பட்டு (பீன்), எழுத (ரிட்டன்)
விடை: மஸ்ட் ஹாவ் பீன் ரிட்டன்

ஒவ்வொரு சொல்லும் தனக்கு அடுத்த சொல்லின் வடிவத்தை நிர்ணயிக்கிறது. 'மஸ்ட்' வந்ததால் 'ஹாவ்' அடிவடிவத்தில் நிற்கிறது. 'ஹாவ்' வந்ததால் 'பீன்' எச்ச வடிவத்தில் நிற்கிறது. செயப்பாட்டுவினை வினாக்களுக்கும் இதே முறை போதும்.

எழுதப்படுகிறது – இஸ் ரிட்டன்
எழுதப்பட்டது – வோஸ் ரிட்டன்
எழுதப்பட்டிருக்கிறது – ஹாஸ் பீன் ரிட்டன்
எழுதப்படும் – வில் பீ ரிட்டன்

உ-ம்: இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் நிறுவப்பட்டது – த யூனிவர்சிட்டி ஒஃப் சிலோன் வோஸ் எஸ்டாப்ளிஷ்ட் இன் 1942.

5. தமிழை அப்படியே பின்பற்றினால் பிழைக்கும் இடங்கள்

சொற்களின் ஒழுங்கில் தமிழ் உங்களுக்கு உதவும். காலத்தைத் தெரிவுசெய்வதில் எப்போதும் உதவாது. பின்வரும் ஐந்து இடங்களையும் நன்றாக மனதில் பதியுங்கள்.

(i) வழக்கமான செயல். "தம்பி தினமும் ஐந்து மணிக்கு எழும்புவான்" என்று தமிழில் எதிர்கால வடிவத்தில் சொல்கிறோம். அதனால் சிலர் 'வில்' போடுகிறார்கள். வழக்கமான செயலுக்கு ஆங்கிலத்தில் சாதாரண நிகழ்காலம்: "ஹீ கெட்ஸ் அப் அட் ஃபைவ்". அவன், அவள், அது என்ற எழுவாய்களுக்கு 'எஸ்' தேவை என்பதையும் மறக்கவேண்டாம்.

(ii) 'எழுதுகிறான்' என்ற சொல். "அவன் பத்திரிகைகளுக்குக் கதை எழுதுகிறான்" என்றால் வழக்கம்: ஹீ ரைட்ஸ். "பேசாதே, அவன் எழுதுகிறான்" என்றால் இப்பொழுது நடப்பது: ஹீ இஸ் ரைட்டிங். தமிழில் ஒரு வடிவம், ஆங்கிலத்தில் இரண்டு.

(iii) அன்று தொடங்கி இன்றும் தொடர்வது. "நான் 5 வருடமாக இங்கே வசிக்கிறேன்" என்பதில் தமிழ் நிகழ்காலம். ஆங்கிலத்தில் "ஐ ஹாவ் லிவ்ட் ஹியர் ஃபோர் ஃபைவ் இயர்ஸ்" அல்லது "ஐ ஹாவ் பீன் லிவிங் ஹியர் ஃபோர் ஃபைவ் இயர்ஸ்". கால அளவைச் சொன்னால் 'ஃபோர்'; தொடங்கிய நேரத்தைச் சொன்னால் 'சின்ஸ்'.

(iv) நேரம் குறித்த இறந்தகாலம். 1996 இல் இலங்கை கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை வென்றது. வருடம் சொல்லப்பட்டதால் "ஸ்ரீ லங்கா வொன் த வேர்ல்ட் கப் இன் 1996". வருடம் சொல்லாமல், அந்தப் பெருமை நமக்கு உண்டு என்ற அளவில் சொன்னால் "ஸ்ரீ லங்கா ஹாஸ் வொன் த வேர்ல்ட் கப்". தமிழில் "நேற்று எழுதியிருக்கிறேன்" என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'இன் 1996' போன்ற முடிந்த நேரச் சொற்களோடு 'ஹாவ்', 'ஹாஸ்' சேராது.

(v) வென், இஃப் தொடங்கும் பகுதி. "அவன் வரும்போது சொல்வேன்" என்பதில் 'வரும்' எதிர்காலம்போலத் தெரிவதால் "வென் ஹீ வில் கம்" என்று எழுதுகிறார்கள். சரியானது: "வென் ஹீ கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்". 'வில்' மற்றப் பகுதியில் மட்டும் வரும்.

6. மோடல்களின் பொருள்

தமிழில் 'வேண்டும்', '-லாம்' என்ற இரண்டும் பல வேலைகளைச் செய்கின்றன. ஆங்கிலத்தில் அந்த வேலைகளுக்குத் தனித்தனிச் சொற்கள். ஆகவே மொழிபெயர்க்கும் முன் "இந்த இடத்தில் என்ன பொருள்?" என்று கேளுங்கள்.

வேண்டும்:
எனக்கு ஒரு பேனை வேண்டும் (விருப்பம்) – ஐ வோன்ட் எ பென்
நான் இப்போது போக வேண்டும் (கட்டாயம்) – ஐ மஸ்ட் கோ நவ்
நீ நன்றாகப் படிக்க வேண்டும் (அறிவுரை) – யூ ஷுட் ஸ்டடி வெல்
நேற்று நான் போக வேண்டியிருந்தது (இறந்தகாலக் கட்டாயம்) – ஐ ஹாட் டு கோ யெஸ்டர்டே

-லாம்:
நீ போகலாம் (அனுமதி) – யூ மே கோ, யூ கான் கோ
மழை பெய்யலாம் (சாத்தியம்) – இட் மே ரெயின், இட் மைட் ரெயின்
வா, போகலாம் (அழைப்பு) – லெட்ஸ் கோ

முடியும்:
அவளுக்கு நீந்த முடியும் – ஷீ கான் ஸ்விம்
சிறுவயதில் எனக்கு மரம் ஏற முடிந்தது – ஐ குட் கிளைம் ட்ரீஸ்

இரண்டு இடங்களில் விசேட கவனம் தேவை.

முதலாவது, 'கூடாது' என்பதும் 'தேவையில்லை' என்பதும். "வரக்கூடாது" என்றால் "யூ மஸ்ட் நொட் கம்". "வரத் தேவையில்லை" என்றால் "யூ டூ நொட் ஹாவ் டு கம்" அல்லது "யூ நீட் நொட் கம்". 'மஸ்ட்' என்பதன் எதிர்மறை 'தேவையில்லை' என்று நினைத்துவிடாதீர்கள். 'மஸ்ட் நொட்' என்பது தடை. மருந்து உறையில் ஆங்கிலத்தில் ஓர் அறிவுறுத்தல் இருக்கிறது; வீட்டில் உள்ளவர்கள் உங்களிடம்தான் வாசிக்கச் சொல்வார்கள். அங்கே 'மஸ்ட் நொட்' என்று இருப்பதை நீங்கள் 'தேவையில்லை' என்று சொல்லிவிட்டால் அது ஒரு புள்ளியோடு போகும் பிழை அல்ல.

இரண்டாவது, 'எழுதியிருக்க வேண்டும்' என்ற தொடர். இதற்குத் தமிழில் இரண்டு பொருள்கள் உண்டு.

"கையெழுத்தைப் பார்த்தால் அவள்தான் எழுதியிருக்க வேண்டும்." எழுதினாள் என்று ஊகிக்கிறோம்: ஷீ மஸ்ட் ஹாவ் ரிட்டன் இட்.
"அவள் முன்பே எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை." செய்யாததைக் குறையாகச் சொல்கிறோம்: ஷீ ஷுட் ஹாவ் ரிட்டன் இட்.

ஒன்றில் கடிதம் எழுதப்பட்டிருக்கிறது; மற்றதில் எழுதப்படவே இல்லை. தமிழில் பக்கத்து வாக்கியம் பொருளைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் மோடல் காட்டவேண்டும்.

7. பயிற்சி

விடைகளை மறைத்துக்கொண்டு, இடைவெளிகளுக்குரிய வினைத்தொடரைக் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதுக.

1. அவள் கடிதம் எழுதவில்லை. ஷீ ........ எ லெட்டர். (ரைட்)
2. பாடசாலை 1950 இல் கட்டப்பட்டது. த ஸ்கூல் ........ இன் 1950. (பில்ட்)
3. அப்பா 2010 இலிருந்து இங்கே வேலை செய்கிறார். ஃபாதர் ........ ஹியர் சின்ஸ் 2010. (வேர்க்)
4. மழை பெய்தால் நாங்கள் வரமாட்டோம். இஃப் இட் ........ , வீ ........ . (ரெயின், கம்)
5. கதவு திறந்திருக்கிறது, யாரோ வந்திருக்க வேண்டும். சம்வன் ........ . (கம்)
6. நீ நேற்றே எனக்குச் சொல்லியிருக்க வேண்டும், ஏன் சொல்லவில்லை? யூ ........ மீ யெஸ்டர்டே. (டெல்)

விடைகள்

1. டிட் நொட் ரைட். 'டிட்' காலத்தைக் காட்டிவிட்டது, ஆகவே அடிவடிவம்.
2. வோஸ் பில்ட். செயப்பாட்டுவினை, ஆகவே எச்ச வடிவம்.
3. ஹாஸ் வேர்க்ட் அல்லது ஹாஸ் பீன் வேர்க்கிங். அன்று தொடங்கி இன்றும் தொடர்கிறது.
4. ரெயின்ஸ், வில் நொட் கம். 'இஃப்' பகுதியில் 'வில்' வராது.
5. மஸ்ட் ஹாவ் கம். ஊகம். 'கம்' என்பதன் எச்ச வடிவமும் 'கம்' என்பதைக் கவனிக்குக. 'கேம்' என்று எழுதினால் பிழை.
6. ஷுட் ஹாவ் டோல்ட். செய்யவேண்டியது செய்யப்படவில்லை.

நான்குக்குக் குறைவாகச் சரியாக எழுதியவர்கள் 3 ஆம், 5 ஆம் பகுதிகளை மீண்டும் ஒருமுறை வாசித்துவிட்டுத் தொடருங்கள்.

8. பரீட்சை மண்டபத்தில்

கட்டுரை எழுதி முடிந்ததும் கடைசி ஐந்து நிமிடங்களை வினைச்சொற்களுக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு வினைத்தொடரின் கீழும் பென்சிலால் மெல்லிய கோடிட்டு நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

• எழுவாய் இருக்கிறதா?
• காலம் முதற்சொல்லில் மட்டும் இருக்கிறதா, வேறெங்கும் இரண்டாம் தடவை வந்துவிட்டதா?
• துணைவினைக்குப் பின் உரிய வடிவம் வந்திருக்கிறதா?
• அவன், அவள், அது என்ற எழுவாய்க்குச் சாதாரண நிகழ்காலத்தில் 'எஸ்' போட்டிருக்கிறேனா?

இக்கேள்விகளைப் பரீட்சை நாளில் முதன்முதலாகக் கேட்டால் பயன் குறைவு. இன்றிலிருந்து தினமும் ஐந்து தமிழ் வினைகளை எடுத்து, துண்டுகளாக்கி, ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். பேருந்தில் கேட்ட பேச்சு, பத்திரிகைத் தலைப்பு, வீட்டில் அம்மா சொன்னது, எதுவானாலும் சரி. ஒரு மாதத்தில் நூற்றைம்பது வினைகள் ஆகிவிடும். ஆங்கிலம் வீட்டில் பேசாத பிள்ளைக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். வீட்டில் நீங்கள் பேசும் தமிழே இந்தப் பயிற்சிக்கு வேண்டிய வாக்கியங்களைத் தருகிறது.